முத்துலட்சுமி அம்மையாரும் எண்ணப்படாத மக்களும்

உலகில் துன்பம் உறாதார் எவருமிலர். உற்ற துன்பத்தை நினைந்து நினைந்து உள்ளம் கசந்தார் பலர். அதனை மறந்து வாழக் கற்றார் சிலர். அத்துன்பம் மற்றொருவரை அணுகாவண்ணம் வேலி கோலினார் மிகச் சிலரே. அம்மிகச் சிலருள் ஒருவராய் நம் தமிழகத்தில் தோன்றி விளங்கியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். சட்டமன்றத்தில் அவர் ஆற்றிய தொண்டினைப் பலரும் அறிவர். அடையாற்றில் புற்றுநோயாளர்க்கென அவர் ஒரு மனை கண்டதையும் அறிவர். ஆனால், அவ்விரு தொண்டும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பதையும், அக்கிளை இன்னும் எம் கல்வராயன் மலைமீது நிழல் பரப்ப வேண்டிய கடன் ஒன்று எஞ்சி நிற்கின்றது என்பதையும் எண்ணிப் பார்ப்பார் அரியர். அவ்வெண்ணமே இச்சிறு கட்டுரைக்குக் காரணமாயிற்று.

அம்மையார் 1886-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 30-ஆம் நாள் புதுக்கோட்டையிற் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர் என்பார். மகாராஜா கல்லூரியின் தலைவராய் அமர்ந்திருந்த கல்விமான். தாயார் சந்திரம்மாள், கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கமுடைய தேவதாசி மரபில் வந்தவர். இவ்விருவரும் கூடி வாழ்ந்தமையால் தந்தையாரை அவர்தம் சுற்றத்தார் விலக்கி வைத்தனர். ஆகவே, பிறப்பின் பேரால் ஒருவர்க்கு ஒரு வாயில் திறப்பதும் மற்றொருவர்க்கு அதே வாயில் அடைபடுவதும் எத்தகைய கொடுமை என்பதை அக்குழந்தை நூலிற் படித்து அறியவில்லை; தன் வீட்டுத் திண்ணையிலேயே கண்டு வளர்ந்தது.

பெண்மக்கள் எழுத்தறிதலே மிகையென்று எண்ணப்பட்ட காலம் அது. சிறுமி முத்துலட்சுமியோ படிப்பை விட்டாரல்லர். வீட்டில் இருந்தபடியே பயின்று மெட்ரிகுலேஷன் தேர்விற் தேறினார். பின்னர் மகாராஜா கல்லூரியிற் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்புக் கிளம்பிற்று. ஆண்மாணவர் நடுவே ஒரு பெண் அமர்தல் தகாது என்றனர் ஒருசாரார். இன்ன குலத்திற் பிறந்தவள் அமர்தல் தகவே தகாது என்றனர் மற்றொருசாரார். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இடமளித்தார். அந்த ஓர் ஆணையால் ஒரு கதவு திறந்தது. அதன் வழியே பின்னாளில் எத்துணைப் பேர் நுழைந்தனர் என்பதை அம்மன்னரும் அன்று அறிந்திரார்.

1907-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியிற் புகுந்த அவர், 1912-ஆம் ஆண்டில் பரிசில்கள் பல பெற்றுத் தேர்ச்சியுற்றார். சென்னை அரசினர் மகப்பேற்று மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராய்ப் பணியாற்றிய முதற்பெண்மணி அவரே. 1914-ஆம் ஆண்டு டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். தமக்கு நிகராகத் தம்மை மதித்தலும், தம் தொண்டிற்குத் தடை நில்லாமையும் வேண்டுமென்று அம்மையார் மணத்திற்கு முன்னரே வேண்டிக்கொண்டார். கணவரும் அதற்கு இசைந்து, இறுதிவரை அச்சொல் பிறழாது வாழ்ந்தார். இருவரும் மருத்துவர், மக்கள் இருவர், சென்னையில் நற்பெயர். வேறொருவராயின் அவ்வளவில் மனநிறைவு கொண்டு அமைதியாக வாழ்ந்திருப்பர்.

அவ்வமைதியைக் குலைக்க ஒரு நோய் வந்தது. அம்மையாருக்கு உயிரினும் இனிய தங்கை ஒருத்தி இருந்தாள். இளவயதிலேயே அவளைப் புற்றுநோய் பற்றிற்று. நோய் இன்னதென்று தொடக்கத்தில் அறியப்படவில்லை. வேறு நோயென எண்ணி வேறு மருந்து கொடுக்கப்பட்டது. உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. 1923-ஆம் ஆண்டில் அத்தங்கை, மருத்துவராகிய தமக்கையின் கண்முன்னரே உயிர் நீத்தாள்.

இவ்விடத்தே சற்று நின்று எண்ணுதல் வேண்டும். இறந்தவள் தமக்கையோ தேர்ந்த மருத்துவர். தமக்கையின் கணவரோ அறுவை மருத்துவத்தில் வல்லவர். வாழ்ந்த நகரமோ மாகாணத்தின் தலைநகர். இத்துணை வாய்ப்பிருந்தும் நோய் உரிய காலத்தே அறியப்படாது போயிற்று. அங்ஙனமாயின், எழுத்தறியாதவளும், கையிற் காசில்லாதவளும், மருத்துவர் முகத்தையே கண்டறியாதவளுமாகிய ஒரு சிற்றூர்ப் பெண்ணின் நிலை யாதாகும்? தம் துயரின் நடுவே அம்மையார் உள்ளத்தில் எழுந்த வினா இதுவே எனலாம். ஏனெனில், அதன்பின் அவர் செய்த செயல்கள் யாவும் இவ்வினாவிற்கு விடையாகவே அமைந்துள்ளன.

1925-ஆம் ஆண்டில் மகளிர் நோய், குழந்தை நோய் என்பவற்றில் மேற்பயிற்சி பெறும்பொருட்டு அவர் இங்கிலாந்து சென்றார். அங்கே புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனைகள் உண்டு, ஆராய்ச்சியும் உண்டு. நம் நாட்டிலோ அந்நாளில் அத்தகையதொன்றும் இல்லை. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை எழுந்ததே 1941-ஆம் ஆண்டிற்றான். தென்னாட்டில் அப்பிணி கண்டோர் சாவதற்குரியர் என்று ஒதுக்கப்பட்டனர். தீராப்பிணியாளரைத் தம் இடத்திற் கிடத்த விரும்பாத மனைகளும் இருந்தன. தொற்றுமென்று அஞ்சி வீட்டின் புறத்தே கிடத்திய குடும்பங்களும் இருந்தன. தொழுநோயர் ஊர்ப்புறத்தே நின்ற விவிலியக் காட்சியைப் படித்த நமக்கு இது விளங்காமற் போகாது.

தாயகம் திரும்பிய அம்மையார், 1926-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைச் சட்டசபைக்கு நியமனம் பெற்றார். அச்சபையின் முதற்பெண் உறுப்பினர் அவரே. சபையின் துணைத்தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். 1927-ஆம் ஆண்டு, சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டுமென்னும் தீர்மானத்தைக் கொணர்ந்தார். பழைய வழக்கத்தின் பேராலும், கலையின் பேராலும் எதிர்ப்பு மூண்டது. எவ்வழக்கத்தின் நிழல் தம் தாயின் மரபின்மேற் படிந்திருந்ததோ, அவ்வழக்கத்தின் வேரிலேயே அவர் கோடரியை வைத்தார். 1930-ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் சிறைப்பட்டமை கண்டு பொறாது சபைப் பதவியைத் துறந்தார். கொண்ட குறிக்கோளைத் துறந்தாரல்லர். இருபதாண்டு கழித்து, 1947-ஆம் ஆண்டில், பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறிற்று.

அந்நாளில் நிகழ்ந்த நிகழ்ச்சி ஒன்று அம்மையாரின் இயல்பை நன்கு காட்டும். பொட்டுக்கட்டும் வழக்கத்தினின்று தப்ப விரும்பிய இளம்பெண்கள் சிலர் அடைக்கலம் நாடி அவரிடம் வந்தனர். அவர்களை மாணவியர் விடுதிகளிற் சேர்க்க முயன்றார். விடுதிகளோ சாதிவாரியாக இயங்கின; இம்மரபினர்க்கு எவ்விடத்தும் இடமில்லை என்றாயிற்று. அம்மையார் வாதிட்டுக் காலங்கழிக்கவில்லை. தம் வீட்டுக் கதவையே திறந்து அவர்களை உள்ளே அழைத்துக்கொண்டார். ஔவை இல்லம் என்று இன்றும் அடையாற்றில் விளங்கும் நிறுவனம் அங்ஙனம் தோன்றியதே. கதவடைக்கப்பட்டோர்க்குக் கதவு திறத்தல் என்பதே அவர் வாழ்வின் சுருக்கமாகும். சாதியால் அடைபட்ட கதவைத் திறந்த கைகளே, பின்னர் வறுமையாலும் அறியாமையாலும் அடைபட்ட கதவையும் திறக்க முற்பட்டன.

1935-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா நடைபெற்றது. தாம் பயின்ற அக்கல்லூரியின் விழாவிலே, புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை ஒன்று காணவேண்டுமென்னும் தம் விருப்பத்தை அம்மையார் வெளியிட்டார். தங்கை இறந்து பன்னிரண்டாண்டு கழிந்திருந்தும் அந்நெருப்பு அவியவில்லை. ஆனால் ஆட்சியாளர் பலர் செவிசாய்த்தாரல்லர். புற்றுநோயாளர் எப்படியும் இறப்பர். இறப்பார்க்கு ஒரு தனி மனை எற்றுக்கு என்பது அவர்கள் எண்ணம். சாவது உறுதியென எண்ணுவதால் மருத்துவம் இல்லை. மருத்துவம் இல்லாமையால் சாவது உறுதியாகின்றது. இவ்வாறு தன் வாலைத் தானே கவ்வி நிற்கும் பாம்பைப்போல் அவ்வெண்ணம் சுழன்று நின்றது. அதனை வெட்டுதற்குச் சொல் போதாது, செயலே வேண்டுமென அம்மையார் துணிந்தார்.

இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் உதவி நிதி ஒன்று தொடங்கப்பட்டது. அறுபது அகவையைக் கடந்த அம்மூதாட்டியார் செல்வர் மனைகளையும் எளியோர் இல்லங்களையும் ஒருங்கே நாடிப் பொருள் திரட்டினார். மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அயல்நாட்டில் புற்றுநோய் மருத்துவம் பயின்று வந்து அன்னைக்குத் துணைநின்றார். 1952-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் அடையாறு புற்றுநோய் நிலையம் பன்னிரண்டு படுக்கைகளோடு, எளிய குடில் போன்ற கட்டடத்திலே தன் பணியைத் தொடங்கிற்று. தென்னாட்டில் இந்நோய்க்கென எழுந்த முதல் மனை இதுவே. அடுத்த ஆண்டு டாக்டர் சாந்தா என்னும் இளம் மருத்துவர் வந்து சேர்ந்தார். அரசுப்பணி கைகூடியும் அதனை விடுத்து வந்தார். 2021-ஆம் ஆண்டில் மறையும்வரை அறுபத்தைந்தாண்டிற்கு மேல் அவர் அம்மனையைவிட்டு அகலவில்லை. அவர் அங்கேயே ஓர் அறையில் வாழ்ந்து, நோயாளரையே சுற்றமாகக் கொண்டார்.

பன்னிரண்டு படுக்கைகள் பல நூறாகப் பெருகின. வந்த நோயாளருட் பெரும்பகுதியினர்க்கு இலவசமாகவோ, குறைந்த கட்டணத்திலோ மருத்துவம் அளிக்கும் முறை தொடக்கமுதலே வகுக்கப்பட்டது. உடையார் தரும் கட்டணம் இல்லார்க்கு மருந்தாயிற்று. இன்ன சாதி, இன்ன சமயம், இவ்வளவு செல்வம் என்னும் கேள்வி அவ்வாயிலிற் கேட்கப்படவில்லை. எரிகோ சாலையிற் குற்றுயிராய்க் கிடந்தவனைக் கண்டு ஒதுங்கிச் சென்றார் இருவர். குலங்கேளாது குனிந்து தூக்கினான் சமாரியன் ஒருவன். அவ்வுவமையைக் கேட்டு வளரும் நாம், கிறிஸ்தவரல்லாத இவ்வம்மையார் அதனை வாழ்ந்து காட்டினார் என்பதை ஒப்புக்கொள்ளுதலே நேர்மையாகும்.

1956-ஆம் ஆண்டில் இந்திய அரசினர் அவருக்குப் பத்மபூஷண் விருதளித்துச் சிறப்பித்தனர். 1968-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 22-ஆம் நாள், எண்பத்திரண்டு அகவை நிறைவுறச் சில நாட்களே இருந்தபோது, அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

வாழ்க்கை வரலாறு இவ்வளவில் முடிதல் வழக்கம். ஆயினும், நட்டவர் மறைந்த பின்னரும் வளர்வதே மரத்தின் இயல்பு. அம்மையார் நட்ட மரம் அவர் மறைவிற்குப்பின் விட்ட கிளை ஒன்றைப் பற்றிக் கூறாதொழியின் இவ்வரலாறு குறையுடையதாகும். அக்கிளை, நோயாளரை எண்ணிக் கணக்கிடும் பணியாகும்.

எண்ணுதல் ஒரு தொண்டாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். நூறு ஆடுகளை உடைய மேய்ப்பன் ஒருவன், தொண்ணூற்றொன்பதை விட்டு, காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற உவமையை நாம் சிறுவயது முதற்கொண்டு கேட்டு வருகின்றோம். அவனுடைய அன்பைப் போற்றுகின்றோம். ஆனால் ஒன்றனை மறக்கின்றோம். மாலையில் பட்டியடைக்கும்போது அவன் ஆடுகளை எண்ணினான். எண்ணியதனாலன்றோ ஒன்று குறைந்தமை அவனுக்குத் தெரிந்தது? எண்ணாத மேய்ப்பன் எத்துணை அன்புடையவனாயினும் உறங்கப் போயிருப்பான். ஆடோ பள்ளத்தாக்கிற் கதறி மாண்டிருக்கும். எண்ணிக்கையே அன்பின் முதற்படி.

புற்றுநோயாளரை ஊர்வாரியாகக் கணக்கெடுக்கும் பதிவேடு இந்தியாவில் 1963-ஆம் ஆண்டு பம்பாயில் முதன்முதல் தொடங்கிற்று. 1982-ஆம் ஆண்டுமுதல் சென்னை நகரிற்கு அத்தகைய பதிவேட்டை அடையாறு நிலையம் பேணி வருகின்றது. அதனால் பல உண்மைகள் வெளிவந்தன. தொடக்கத்தில் சென்னைப் பெண்டிரிடையே கருப்பைவாய்ப் புற்றே முதலிடம் பெற்றிருந்தது; ஆண்டு செல்லச்செல்ல அது குறைந்து, மார்பகப் புற்று முந்திற்று. இம்மாறுதலை ஒருவர் தம் கண்ணாற் கண்டறிதல் இயலாது, பதிவேடே காட்டிற்று. ஆனால் நகரத்தின் கணக்கு நாட்டுப்புறத்தின் கணக்காகாது. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில் கிறிஸ்தவ ஐக்கிய சமூக நலவாழ்வு நிலையத்தார் 2003-ஆம் ஆண்டில் நாட்டுப்புறப் பதிவேடு ஒன்றைத் தொடங்கியபோது, சென்னையிற் குறைந்துவந்த கருப்பைவாய்ப் புற்று அச்சிற்றூர்ப் பெண்டிரிடையே மிகுந்திருத்தல் புலனாயிற்று. வடகிழக்குத் தமிழ் மாவட்டங்களில் இந்நோய் ஒரு பட்டைபோற் செறிந்திருப்பதை 2004-ஆம் ஆண்டில் வெளிவந்த இந்தியப் புற்றுநோய்ப் படத்தொகுதியும் காட்டிற்று. 2012 முதல் தமிழ்நாடு முழுவதையும் தழுவிய பதிவுத்திட்டம் அடையாறு நிலையத்தின் தலைமையில் இயங்கி வருகின்றது.

கணக்கோடு கைகளும் செயற்பட்டன. அத்திண்டுக்கல் மாவட்டத்திலேயே 2000-ஆம் ஆண்டுமுதல் ஓர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் சிற்றூர்தோறும் சென்று, 30 முதல் 59 வரை அகவையுடைய பெண்டிரைச் சோதித்தனர். கருப்பை வாயில் காடி போன்ற மெல்லிய அமிலத்தைத் தடவி, வெண்மை படர்கின்றதா என வெறுங்கண்ணால் நோக்குவதே அச்சோதனை. நோய்க்குறி தோன்றிய இடத்தைக் கடுங்குளிரால் உறையச்செய்து அகற்றினர். பேரியந்திரம் வேண்டுவதில்லை, பெருஞ்செலவும் இல்லை. சோதனை நிகழ்ந்த ஊர்களில், நிகழாத ஊர்களைவிட, அந்நோயால் இறப்போர் தொகை நூற்றுக்கு 35 குறைந்தது. 2007-ஆம் ஆண்டு இம்முடிவை உலகம் அறிந்தது. ஒரு செவிலியும், ஒரு விளக்கும், சிறிது காடியும் இத்துணை உயிர்களைக் காக்குமாயின், அவற்றைப் பெறாது இறப்பவர் நோயால் இறக்கின்றனர் என்பதா, நாம் எட்டாமையால் இறக்கின்றனர் என்பதா?

இவ்வேறுபாடு நம் நாட்டிற்கு மட்டும் உரியதன்று. செல்வத்திற் சிறந்த அமெரிக்க நாட்டில் நோய்ப்பதிவேடுகள் இனவாரியாகவும் பேணப்படுகின்றன. அங்கே கறுப்பினப் பெண்டிரிடையே மார்பகப் புற்று வெள்ளையரிடத்தினும் சற்றுக் குறைவாகவே தோன்றுகின்றது. ஆயினும் அந்நோயால் இறப்போர் விகிதம் கறுப்பினத்தாரிடையே ஏறத்தாழ நூற்றுக்கு 40 மிகுதி. ஆடவர்க்குரிய புராஸ்டேட் சுரப்பிப் புற்றால் இறக்கும் கறுப்பினத்தார் விகிதம் வெள்ளையரினும் ஏறக்குறைய இருமடங்கு. உடலின் இயல்பிலும் ஒரு பங்கு காரணம் உண்டு; சில வகைக் கட்டிகள் கறுப்பினப் பெண்டிரை மிகுதியாகப் பற்றுகின்றன. ஆயினும் காலந்தாழ்ந்து அறிதலும், மருத்துவக் காப்பீடு இன்மையும், நல்ல மனைகள் எட்டாமையும் பெருங்காரணங்கள். இனத்தைக் குறித்து எண்ணியதனாலேயே அவ்வநீதி வெளிப்பட்டது. நம் நாட்டிலும் வடகிழக்கு மலைநாட்டில் 2003-ஆம் ஆண்டளவிற் பதிவேடுகள் தோன்றிய பின்னரே, அங்குள்ள பழங்குடி மக்களின் துயரம் புலனாயிற்று. 2012 முதல் 2016 வரையுள்ள கணக்கின்படி, நாட்டிலேயே ஆடவரிடை இந்நோய் மிக்க இடம் மிசோரத்து ஐசால் மாவட்டம். வயது வேறுபாட்டைச் சரிசெய்த கணக்கில் ஆண்டொன்றிற்கு இலட்சம் பேர்க்கு 269.4. பெண்டிரிடை மிக்க இடம் அருணாசலத்துப் பாப்பும்பாரே மாவட்டம். அங்கே இலட்சம் பேர்க்கு 219.8. எண்ணுமுன்னரும் அம்மக்கள் இறந்துகொண்டுதான் இருந்தனர். எண்ணிய பின்னரே நாடு திரும்பி நோக்கிற்று.

இனி எம் நாட்டுப்புறத்திற்கு வருவோம். யான் பிறந்த ஊர் களமருதூர். எம் மாவட்டமாகிய கள்ளக்குறிச்சி 2019-ஆம் ஆண்டிற்றான் தனி மாவட்டமாயிற்று. அதன் மேற்கே நிற்பது கல்வராயன் மலை. அம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் என்னும் பழங்குடியினர். கேரள நாட்டாரல்லர், மலையை ஆள்வோர் என்னும் பொருளில் வந்த பெயர் என்பர். காஞ்சியினின்று வந்தேறினோம் என்பது அவர்தம் மரபுவழிச் செய்தி. சாமையும் தினையும் விளைத்து, கடுக்காயும் தேனும் திரட்டி வாழ்ந்த அவர்கள், மூன்று ஜாகிர்தாரர் ஆட்சியின்கீழ் நெடுங்காலம் இருந்தனர். நாடு விடுதலை பெற்று ஏறத்தாழ முப்பதாண்டு கழிந்து, 1976-ஆம் ஆண்டிலேதான் அம்மலை அரசினர் நேராட்சிக்கு வந்தது. நமக்கு ஆகஸ்டு 15-இல் வந்த விடுதலை மலைமேல் ஏற அத்துணை ஆண்டுகளாயின. மருத்துவமும் அங்ஙனமே தளர்ந்த நடையில் ஏறுகின்றது.

ஒரு மலையூர்ப் பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவளுக்கு மார்பில் ஒரு கட்டி தோன்றுகின்றது, நோவில்லை. நாணத்தால் எவரிடத்தும் சொல்லாள். நொந்த பின்னர் பச்சிலை கட்டுவாள். புண்ணான பின்னரே கணவனிடம் உரைப்பாள். வெள்ளிமலை வரை நடந்தோ, வண்டியிலோ வருதல் வேண்டும். அங்கிருந்து கள்ளக்குறிச்சி, ஆங்கு ஓர் அரசினர் மருத்துவக் கல்லூரி 2022-ஆம் ஆண்டிற் திறக்கப்பெற்றமை நற்பேறே. கதிர்மருத்துவம் வேண்டுமாயின் புதுச்சேரி ஜிப்மருக்கோ, சேலத்திற்கோ, சென்னைக்கோ செல்லுதல் வேண்டும். புதுச்சேரி நூறு கிலோமீட்டருக்கு மேல்; சென்னை இருநூறுக்கு மேல். கதிர்மருத்துவமோ ஒருநாளில் முடிவதன்று. வாரக்கணக்கில் நாள்தோறும் பெறற்பாலது. அரசினர் காப்பீட்டுத் திட்டம் மருத்துவச் செலவைத் தாங்கும். உடன்வந்த கணவன் இழக்கும் கூலியையும், மலைமேல் விட்டுவந்த குழந்தைகளின் பசியையும், அறியா ஊரிற் படுக்க ஓர் இடத்தையும் யார் தாங்குவார்? ஆகவே அவள் பாதியிலே திரும்புகின்றாள். அல்லது புறப்படாமலே இருந்துவிடுகின்றாள்.

அவள் இறந்தால் எப்பதிவேட்டில் அவள் பெயர் ஏறும்? பதிவேடு பெரும்பாலும் மருத்துவமனையிற் கண்டறியப்பட்டோரையே கணக்கிடும். மனையை எட்டாதவள் கணக்கையும் எட்டாள். அவள் ஊரின் கணக்கிலோ நோய் குறைவென்றே தோன்றும். நோய் குறைவான இடத்திற்கு மனை எற்றுக்கு என்று ஆட்சியாளர் கருதுவர். மனை இன்மையால் அடுத்தவளும் எண்ணப்படாது இறப்பாள். 1935-ஆம் ஆண்டில் அம்மையார் எதிரே சுழன்றுநின்ற அதே பாம்பு இன்று மலையடிவாரத்திற் சுருண்டு கிடக்கின்றது. குறைந்த எண் நலத்தைக் காட்டுவதும் உண்டு. நம் பாராமுகத்தைக் காட்டுவதும் உண்டு. இவ்விரண்டையும் பிரித்தறிதலே கற்றார் கடன்.

மலைமேல் மட்டுமே இந்நிலை என்று எண்ணற்க. யான் சிறுவனாய் இருந்தபோது எம் தெருவில் ஒரு மூதாட்டியார் இருந்தார்; ஞாயிறுதோறும் எமக்கு முன்னரே கோயிலுக்கு வந்து பாய் விரிப்பார். ஒருநாள் முதல் அவர் வரவில்லை. நெடுநாள் இரத்தப்போக்கை மறைத்து வைத்திருந்தார் எனப் பின்னர் மகளிர் தம்முள் முணுமுணுத்தனர். அவர் இறந்தபோது முதுமையே காரணமென்று ஊரார் உரைத்தனர். யாமும் அங்ஙனமே நம்பி அடக்க ஆராதனையிற் பாடினோம். அவருக்கு அகவை ஐம்பத்தைந்தைத் தாண்டியிராது. அம்மையார் வரலாற்றைப் படித்த இவ்வாண்டிற்றான், அன்று நாங்கள் புதைத்தது ஒரு முதுமையையன்று, எண்ணப்படாத ஒரு நோயையே என்று யான் உணர்ந்தேன். அவ்வுணர்ச்சி என்னைவிட்டு இன்னும் நீங்கவில்லை.

மாணவத் தோழர்களே, நம்முள் மருத்துவராவார் சிலரே. ஆனால் விடுமுறையில் ஊர் செல்லாதார் யாருமிலர். நம் அன்னையரிடமும் அத்தையரிடமும் நாணத்தைத் துறந்து ஒரு சொல் கேட்டல் நம்மால் ஆகும். மாதவிலக்கு நின்றபின் குருதி காணின், ஆறாப்புண் வாயிலே தோன்றின், நோவாத கட்டி மார்பிலே தட்டுப்படின், காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுதல் நம்மால் ஆகும். 2021 முதல் இல்லந்தோறும் மருத்துவம் நாடிவரும் அரசினர் ஊழியர்க்கு வழிகாட்டியாய் மலையூர்களுக்கு உடன்செல்லுதல் ஆகும். மலைமக்கள் பேச்சை அறிந்து அவர்தம் அச்சத்தைப் போக்குதல் தமிழ் பயில்வார்க்கும் ஆகும். எளிய ஓர் எண்ணைச் சரியாக எழுதிவைத்தலும் ஓர் உயிரைக் காப்பதற்கு முதற்படி என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

ஒரு தங்கையின் சாவை அம்மையார் தம் வீட்டுத் துயராக மட்டும் வைத்துக்கொண்டாரல்லர். நாட்டுத் துயராக எண்ணினார். அதனால் பன்னிரண்டு படுக்கைகள் தோன்றின. பல்லாயிரவர் வாழ்வு பெற்றனர். ஆண்டுதோறும் ஜூலை 30-ஆம் நாள், அம்மையார் பிறந்த நாள், தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் மருத்துவமனை நாளாகக் கொண்டாடப்படுகின்றது. அந்நாளில் நாம் அவர் படத்திற்கு மாலை சூட்டுவதோடு நில்லாது, பட்டியினின்று காணாமற்போன ஆடு எம்மலையில் கதறுகின்றது என ஒருகணம் செவிகொடுத்துக் கேட்போமாக. கேட்டபின் ஏறிச் செல்லும் வலிமையை எல்லாம் வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.